மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த மடி இடுப்பு வேட்டியில் காசு முடிந்து வைக்கும் மடி. நான் சொல்லப்போவது இன்னொரு மடி, மடிக்கணினியின் மடி. ஆனால் பழமொழி இதற்கும் பொருந்தத்தான் செய்கிறது.

வாரத்தில் மூன்று நாள் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். முதுகில் பழைய லேப்டாப், சார்ஜர், இரண்டு புத்தகம், தண்ணீர் பாட்டில். தோள்பட்டை வலி தாங்காமல், எடை குறைந்ததாக ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் எப்போதும்போல வாங்குவதில் முடியாமல் வரலாற்றில் போய் நின்றது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

தேடலுக்கு நடுவில் ஒரு வேடிக்கை செய்தேன். அக்கா மகள் ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதைத் தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தோம். சார்ஜரோடு 2 கிலோ 700 கிராம். "பருப்பா இருந்தா இந்நேரம் தீர்ந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி. அவள் அதை இன்னும் பயன்படுத்துகிறாள்.

கையில் தூக்கிப்போகும் கணினி என்று முதலில் நன்றாக விற்றது 1981இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்போர்ன் 1. எடை சுமார் 11 கிலோ! பாட்டரியும் கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும். தையல் மிஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்குவது மாதிரிதான். இரண்டே வருஷத்தில், 1983இல், டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. ஏறக்குறைய 1.4 கிலோ. டார்ச்சில் போடுகிற மாதிரி, ஆனால் சின்ன பாட்டரி செல் நான்கு போட்டால் பல மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எடை குறைந்த கணினி ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்த எனக்கு இது ஆச்சரியம்தான். திரையில் எட்டு வரிகள் மட்டும், எழுத மட்டும் என்று ஒத்துக்கொண்டால் எடையை அன்றே குறைக்க முடிந்திருக்கிறது. வேலையைக் கூட்டக் கூட்டத்தான் கனமும் கூடியது.

எதை விட்டுக்கொடுப்பது என்ற இந்தக் கேள்வி இந்தியாவுக்கு வேறு மாதிரி வந்தது. ஏழைக்குக் கணினி என்றால் சின்னதாக, லேசாக, மலிவாக இருந்தால் போதும் என்ற எண்ணம் இங்கே ரொம்ப நாள் இருந்தது. பெங்களூரில் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் உள்ளங்கை அளவு. நல்ல முயற்சி, சந்தையில் நிற்கவில்லை. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்று நிக்கோலஸ் நெக்ரோபோன்டே கொண்டுவந்த பச்சை நிறக் கணினியை 2006இல் மத்திய கல்வித் துறை வேண்டாம் என்றது. 2007இல் ஆசுஸ் ஒரு கிலோவுக்கும் குறைவான ஏழு அங்குல 'ஈ பிசி'யை விட்டது. 2011 அக்டோபரில் டெல்லியில் ஆகாஷ் டேப்லெட் வெளியானது. அதில் டைப் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 2011இல்தான் இரண்டு விஷயங்கள் நடந்தன. மே மாத முடிவில் தைபே கண்காட்சியில் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரை அறிவித்தது. இரண்டு சென்டிமீட்டர் பருமன், ஆயிரம் டாலருக்குள் விலை என்று இலக்கு. இன்று கடையில் பார்க்கும் மெல்லிய லேப்டாப்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஜெயலலிதா மறுபடி முதல்வர் ஆகியிருந்தார். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. முதல் வருஷத்துக்கு 9.12 லட்சம் லேப்டாப், 912 கோடி ரூபாய் என்று பட்ஜெட். 'இலவச' என்று சொல்லாமல் 'விலையில்லா' என்றார்கள். அந்தச் சொல்லை நானும் அப்போது கிண்டல் செய்திருக்கிறேன்.

என் பார்வையில் இதில் முக்கியமானது, எல்காட் டெண்டரில் கேட்டது என்ன என்பதுதான். டேப்லெட் கேட்கவில்லை, ஏழு அங்குலப் பொம்மை கேட்கவில்லை. 14 அங்குலத் திரை, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதாவது ஒரு ஆபீஸில் மேஜைமேல் இருக்கிற அதே ஜாதிக் கணினி. கனமானது, ஆனால் முழுசானது. ஏழைப் பிள்ளைக்குப் பாதிக் கணினி போதும் என்று நினைக்காததை இந்தத் திட்டத்தின் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். தேர்தல் கணக்கு இருந்ததா என்றால் இருந்தது. எந்தத் திட்டத்தில்தான் இல்லை?

எங்கள் பகுதியில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு சொன்னது. விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2011இல் ப்ளஸ் டூ படித்த பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பு வந்தபோது இரண்டு வயது இருக்கும். அம்மா தீப்பெட்டி ஒட்டிய திண்ணையில் மகள் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

திண்ணையில் ஏன்? உள்ளே கரண்ட் இல்லை. 2012இல் தென்மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. சிவகாசி அச்சகங்கள் ஜெனரேட்டரில் ஓடின. அந்த வருஷம் ஒரு லேப்டாப்பின் தரம் என்பது கிலோ அல்ல, கரண்ட் போன பிறகு எத்தனை மணி நேரம் திரை எரிகிறது என்பதுதான். பாட்டரி தீர்ந்தால் 2 கிலோவும் சும்மா சுமை. இன்றைக்கும் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. விளம்பரத்தில் வரும் எடையில் சார்ஜர் சேராது. பாட்டரியை வாட்-அவர் கணக்கில் பாருங்கள், கூடுதலாக இருப்பது நல்லதே, ஆனால் 100ஐத் தாண்டினால் விமானத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள், போன் சார்ஜரோடு முடிந்துவிட்டால் அரைக் கிலோ மிச்சம்.

சிவகாசியில் ஒரு காலண்டர் ஏஜென்டிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாவது இங்கே வழக்கம். சாமி படம், தலைவர் படம், இயற்கைக் காட்சி என்று கெட்டி அட்டைகளாகக் கோத்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டுகள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். "லேப்டாப்ல காட்டலாமே அண்ணே?" என்றேன். "காட்டுறேன் தம்பி. பார்த்துட்டு, 'அட்டையைக் கொண்டாங்க, தடவிப் பார்க்கணும்'ங்கிறாங்க. இப்ப ரெண்டையும் தூக்குறேன்" என்றார். எடை குறைந்த லேப்டாப் யாருக்காவது உண்மையில் தேவை என்றால் அவருக்குத்தான்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. மெல்லியதாக ஆக்குவதற்காகப் பல கம்பெனிகள் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகின்றன. பிறகு கூட்ட முடியாது. அக்கா மகளின் கனமான லேப்டாப்பைக் கடைக்காரர் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தார், ரேமை மாற்றினார், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார். அரை மணி நேர வேலை. அதனால்தான் அது இன்னும் ஓடுகிறது. நான் பார்த்து வைத்திருக்கும் 1.2 கிலோ மாடல் ஏழாவது வருஷம் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ, அவரவர் விருப்பப்படி தருவதாக அறிவித்தது. அதைப் படித்ததும் அக்கா மகளிடம், உனக்கு இப்போது கொடுத்தால் எதைக் கேட்பாய் என்றேன். தலையை நிமிர்த்தாமல் டைப் செய்துகொண்டே, "கீபோர்டு இருக்கிறது எதுவோ அது, மாமா" என்றாள்.

நான் கடைசியில் 1.4 கிலோவில், ரேம் மாற்றக்கூடிய ஒன்றை வாங்கினேன். அண்ணாச்சி தராசில் சார்ஜரோடு 1 கிலோ 720.