லயத்துக்கும் சேரிக்கும் நடுவே

வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை கண்ணில் முட்டுகிறது. அதற்கு அந்தப் பக்கம் பீர்மேடு. இன்னும் வடக்கே தேவிகுளம், மூணாறு. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் சேரிகளிலிருந்து நம் மக்கள் அங்கே ஏறிப்போய் நூறாண்டுக்கு மேலாகிறது. 1877இல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியதிலிருந்து தோட்டத்தின் கதையைத் தொடங்குவார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அந்தக் கதையில் வெறும் 'கூலிகள்'.

பசி மட்டுமா அவர்களை ஏற்றியது? பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற கனவும்தான். அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது, தோழர்களே. ஆனால் கங்காணியின் முன்பணம் கடனாகக் காலைக் கட்டியது. அவனோடு சாதியும் மலை ஏறியது.

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே அவர்கள் 'பாண்டி'கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு குடியேறிய குடும்பம் என்றால் பட்டியல் சாதிச் சான்றிதழும் அங்கே கிடையாது. முன்பே வந்தோம் என்பதற்குத் தாள் காட்ட வேண்டும். கங்காணி கூட்டிப்போனவர்களிடம் என்ன தாள் இருக்கும்? சாதியால் ஒடுக்கப்படலாம், சாதியை நிரூபிக்க முடியாது. இந்தத் தனிமையை மனநோவு என்று எழுதிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. இது ஏற்பாடு செய்யப்பட்ட தனிமை.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீடும் போகும். அதனால் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்துக்கூடையைத் தூக்கியே ஆக வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கண்ட கனவு மூன்று சென்ட் நிலமும் ஒரு கூரையும்தான்.

1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேட்டில் முதலாளிகள் தோட்டங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். அந்தத் தேயிலைக்காட்டிலேயே வளர்ந்த ஆய்வாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மலையில் தொழிலாளி என்ற பெயருக்குள் ஓரளவு மறைந்திருந்த சாதி, கீழே இறங்கியதும் முதல் கேள்வியாக வந்து நின்றது. பாட்டன் விட்டுவந்த சேரி பேரனுக்காகக் காத்திருந்தது.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகியிருந்தது. நாள் கூலி 232 ரூபாய். 'பெண்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, சங்கத் தலைவர்களை அருகே விடாமல், ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். சங்கம் நடத்தும் நம் தோழர்கள் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும். 500 ரூபாய் கூலி கேட்டார்கள், 301 வந்தது. வீடு வரவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, கொரோனா ஊரடங்கில் பிள்ளைகளும் லயத்தில் இருந்த நேரம், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு பத்து லட்சம் அறிவித்தது, லயத்தில் இறந்தவர்களுக்கு ஐந்து லட்சம்.

பெட்டிமுடியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்து வேர் கொண்ட சொந்தக்காரர்கள். கிடைத்த உடல்களைத் தோட்டத்து மண்ணிலேயே பக்கம் பக்கமாகப் புதைத்தார்கள். நான்கு பேர் கிடைக்கவே இல்லை.