வெருளிக்கு ஒரு முகம்

1943 ஜனவரி 20ஆந் திகதி, மதியச் சாப்பாட்டு நேரம். லூயிஷாமின் கற்ஃபோட் பகுதியிலுள்ள சான்ட்ஹேர்ஸ்ற் வீதிப் பாடசாலைமீது ஜேர்மன் விமானமொன்று குண்டு போட்டது. 38 பிள்ளைகளும் 6 ஆசிரியர்களும் இறந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஹிதர் கிறீன் மயானத்தில் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டனர். தப்பிய பிள்ளைகளிடம் அக்காலப் பெரியவர்கள் எதிர்பார்த்தது தைரியத்தை. பயத்தைப் பேசும் வழக்கம் இருக்கவில்லை.

பிள்ளையின் பயத்தைப் படமாக அதன் மடியிலேயே வைக்கும் துணிவு ஆங்கில நூல்களுக்கும் மெல்லத்தான் வந்தது. 1963இல் நியூயோர்க்கில் மொறிஸ் சென்டாக், குழப்படிச் சிறுவன் ஒருவனைப் பூதங்களின் நாட்டுக்கு அனுப்பினார். அவன் அவற்றின் கண்களை நேரே பார்த்து அடக்கிவிட்டு வீடு திரும்புகிறான். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. புலம்பெயர்ந்து வந்த தம் யூத உறவினர்களே அப்பூதங்கள் என்று சென்டாக் பின்னர் சொன்னார்.

லூயிஷாமின் நியூ குறொஸிலுள்ள கோல்ட்ஸ்மித்ஸில் 2014இல் சிறுவர் இலக்கியப் பேராசிரியரானவர் மைக்கேல் றோசன். 1999இல் தமது 18 வயது மகனை இழந்தவர். 2004இல் வந்த அவரது துயர நூலுக்குக் குவென்ரின் பிளேக் படம் வரைந்தார். முதற்படத்தில் ஒரு மனிதர் சிரிக்கிறார். அது துயரத்தை மறைக்கும் சிரிப்பு என்கிறது எழுத்து.

அந்தச் சிரிப்பு எங்களுக்கும் பழக்கமானது.

எங்களிடமும் ஒரு வெருளி இருந்தது. நாவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி'யைப் பாடமாக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குறைவு. வெருட்ட வைத்த பொம்மையைப் பார்த்துச் சிரிக்கப் பழகினோம். அதே நாவாலியில், 1995 யூலை 9ஆந் திகதி, சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர். அந்த வெருளியைப் பாட்டால் சிரித்துக் கடக்க முடியவில்லை. ஆகவே பேசாமல் விட்டோம். பேசாமலே இங்கு வந்து சேர்ந்தோம்.

சென்ற மாதம் என் பேத்தி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். இருட்டுக்குப் பயந்த பிள்ளையின் கதை.

"அம்மம்மா, நீங்கள் பயந்தனீங்களோ?"

"இல்லை" என்றேன். பங்கருக்குள் அவளுடைய தாயின் காதுகளைப் பொத்திப் பிடித்தவை இதே கைகள். இவளின் தாயிடமும் நான் இதையேதான் சொன்னேன். அவள் இன்றுவரை அதைப்பற்றி என்னிடம் கேட்டதில்லை.

இரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் பேத்தியைக் கூப்பிட்டு, "ஓம், பயந்தனான்" என்றேன். பனங்குற்றி அடுக்கிய பங்கரைக் கீறிக் காட்டினேன். அவள் கனநேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி, உள்ளே எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பூனையைக் கீறினாள்.