இன்டர்ஆப் கண்காட்சி

இன்டர்ஆப் என்பது, வெவ்வேறு நிறுவனங்களின் கணினி வலையமைப்புக் கருவிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து, அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறுவதை வாங்குவோர் கண்முன் இயக்கிக் காட்டிய கண்காட்சி. 1988 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. இணையம் ஆய்வுக்கூடத்தைவிட்டுச் சந்தைக்கு வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னணி

இணையத்தில் கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளான டிசிபி/ஐபி நெறிமுறைகள் யாரும் படிக்கக்கூடிய ஆவணங்களாகவே வெளிவந்தன. ஆயினும், ஒரே நெறிமுறை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி அமையவில்லை. வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் செய்தி அனுப்பும் பொது முகவரியைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி மென்பொருள் சுழியங்களால் அமைத்தது; தரநிலையோ ஒன்றுகளால் அமைக்கச் சொன்னது. இத்தகைய பிழைகள் இரு தயாரிப்புகளை எதிரெதிரே இணைத்துப் பார்த்தால்தான் வெளிப்படும்.

இதற்காக ஆய்வாளர்கள் ‘பேக் ஆஃப்’ என்னும் சோதனைக் கூடல்களை நடத்தினர். அவற்றின் விதிகளை ஆய்வாளர் ஜான் போஸ்டல் 1987-இல், ஆர்.எஃப்.சி. என்னும் இணைய ஆவண வரிசையில் 1025-ஆம் ஆவணமாக வெளியிட்டார். கணினி தன்னோடு தானே இணைப்பை ஏற்படுத்தினால் 1 புள்ளி. வேறொரு கணினியோடு ஏற்படுத்தினால் 2. பல குறிகளை ஒருங்கே சுமந்து வரும் ‘காமிகாசி’ தரவுப் பாக்கெட்டைத் தடுமாறாமல் கையாண்டால் 10.

தோற்றம்

1983 ஜனவரி 1-இல், இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியபோது அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் டான் லிஞ்ச். 1980களின் நடுவில் அவர் மூன்று நாள் பயிலரங்கு ஒன்றை ஏற்பாடு செய்தார். நெறிமுறைகளை உருவாக்கியவர்களும் சோதித்தவர்களுமாக 50 பேர் விளக்க, நிறுவனங்களிலிருந்து வந்த சுமார் 250 பேர் கேட்டனர். அதன் தொடர்ச்சியாகவே 1988 கண்காட்சி பிறந்தது. 50 நிறுவனங்கள் பங்கேற்றன; 5,000 பொறியாளர்கள் பார்க்க வந்தனர். கருவிகள் சொன்னபடியே இயங்கின. போட்டி நிறுவனத்தின் கருவியோடும் தம் கருவி ஒத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே உழைத்ததுதான் காரணம்.

புகழ்பெற்ற செயல்விளக்கம்

1990 கண்காட்சியில் ஜான் ராம்கி என்னும் பொறியாளர் ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்றை இணையத்தோடு இணைத்தார். வலையமைப்புக் கருவிகளை மேலாளும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக அதற்கு மின்சாரம் தரவும் நிறுத்தவும் முடிந்தது. மின்சாரம் ஓடும் நேரத்துக்கேற்ப ரொட்டி சிவந்தது. ரொட்டித் துண்டை மட்டும் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு சிறு பாரந்தூக்கி அந்த வேலையையும் ஏற்றது. அதுவும் இணையம் வழியே இயங்கியது.

பரவல்

பின்னர் இக்கண்காட்சி பல நாடுகளுக்குப் பரவியது. ஜப்பானில் 1994 முதல் நடந்துவரும் இன்டர்ஆப் டோக்கியோவில், பல நிறுவனங்களின் கருவிகளைக் கொண்டு ‘ஷோநெட்’ என்னும் வலையமைப்பைப் பொறியாளர்கள் கூடி அமைக்கின்றனர்.

மதிப்பீடு

எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் மற்றதோடு சேர்ந்து இயங்கும் என்ற நம்பிக்கையை வாங்குவோரிடம் விதைத்தது இன்டர்ஆப். தரநிலையை எழுதுவது பாதி வேலை. போட்டியாளர்கள் ஒரே கம்பியில் தம் கருவிகளைப் பூட்டி இயக்கிக் காட்டுவது மறுபாதி. அந்த மறுபாதியை ஒழுங்காக நடத்திக் காட்டியதே டான் லிஞ்ச்சின் சாதனை. அவர் 2024-இல் காலமானார்.