வினவல்

'வினவு' என்ற வினையின் தொழிற்பெயர்; வினா இதற்கு உறவு. கேட்டறிதல் என்பது பழைய பொருள். தரவிடம் நிபந்தனை சொல்லி விடை பெறுதல் என்பது கணினி தந்த புதுப்பொருள்.

நன்னூல் சொல்லும் ஆறு வினாக்களில் அறியா வினாவும் ஏவல் வினாவும் இங்கே ஒன்றாகின்றன. தெரியாததைக் கேட்கிறோம், அந்தக் கேள்வியே தேடி எடுத்துவா என்னும் கட்டளையும் ஆகிறது. இவ்வளவு பொருத்தமாக அமைந்த கலைச்சொற்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு: கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் இன்று ஃபிட்ஸ் என்னும் வானியல் வடிவக் கோப்புகளாகவும் உள்ளன. ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் நாள், நேரம் போன்ற விவரங்களைப் புலம் புலமாக எழுதலாம். நூஷெல் என்னும் கட்டளைவரி ஷெல்லில் தரவு வெறும் எழுத்தாக அன்றி அட்டவணையாகவே பாயும். தலைப்பகுதியைப் படித்து அட்டவணையாக்கித் தரும் செருகுநிரல் ஒன்றை எழுதிச் சேர்த்தால் போதும்: வானியலாளர் எவர்ஷெட் அங்கே தம் பெயர் பெற்ற விளைவைக் கண்ட 1909ஆம் ஆண்டின் படங்கள் மட்டும் வேண்டும் என்று ஒரே வரியில் வினவலாம். செருகுநிரல் தனி நிரலாக ஓடும். ஷெல்லோடு ஜேசான் போன்ற தரவு வடிவில் பேசிக்கொள்ளும்.

வினவலைக் 'கேள்வி' என்போரும் உண்டு. கேள்விக்குச் செவிவழிக் கல்வி என்ற பொருளும் இருப்பதால் வினவலே தெளிவு.