ஆயர் குழலும் தொண்டை நாடும்

முல்லை நிலத்து இசை, மாடு மேய்ப்பவரின் இசை. அரசவையிலும் கோயிலிலும் வளர்ந்த தமிழ்ச் செவ்வியல் மரபு இந்தக் காட்டு இசையைக் கடைசிவரை கைவிடவில்லை. அதைப் போற்றி வளர்த்ததில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டுப் பகுதிக்கு நேரடிப் பங்கு உண்டு. குன்றத்தூர், பல்லாவரம், சேலையூர் என்று இன்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இந்த ஊர்கள் ஏரியும் புதர்க்காடும் மேய்ச்சல் வெளியுமாக இருந்தவை. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளிலும் சேலையூரில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்திலும் அந்தக் காட்டின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனைத் தெய்வமாகவும், கார்காலத்தையும் மாலையையும் உரிய பொழுதாகவும் வகுத்தது. திணைக்குத் திணை யாழும் பறையும் வேறுபட்டன; பண்ணும் வேறுபட்டது. மழை இறங்கி, மாடு வீடு திரும்பி, பிரிந்து போனவன் இன்னும் வராத பொழுது முல்லைப் பண்ணின் பொழுது. ஐரோப்பாவிலும் ஆயர் இசைக்கு நெடிய வரலாறு உண்டு. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஆறாவது சிம்பொனி, நகரத்தான் நாட்டுப்புறம் போனதும் அடையும் மகிழ்ச்சியில் தொடங்குகிறது. தமிழில் பாட்டின் நடுவே நிற்பவன் காட்டைப் பார்க்க வந்தவன் அல்லன், அங்கேயே வாழும் இடையன்.

அந்த இடையனை மிக அருகில் காட்டும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது அது. பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழியில் எதிர்ப்படுகிறான் ஓர் இடையன். தீக்கடைகோலைக் கையால் கடைந்து நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியாலேயே துளையிட்டுக் குழல் செய்கிறான். துளையின் ஓரம் கருகியிருக்கிறது. அதில் பாலைப் பண்ணை வாசிக்கிறான். அது சலித்துப் போனால் குமிழ மரத்தின் உட்டுளைக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஆக்கிக் குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான். கருவி செய்பவனும் அவனே, இசைப்பவனும் அவனே. வள்ளலைத் தேடும் பாட்டுக்குள், எந்த வள்ளலும் தேவைப்படாத ஓர் இசைக்காரனைப் புலவர் நிறுத்தியிருக்கிறார். ஆயர் இசையின் கவர்ச்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது: அது பரிசிலுக்காகப் பிறந்த இசை அல்ல.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை அந்த இசைக்கு இலக்கணம் தந்தது. மதுரைப் புறத்து இடைச்சேரியில் உறையிட்ட பால் தோயவில்லை, உருக்க வைத்த வெண்ணெய் உருகவில்லை. தீக்குறி கண்ட ஆய்ச்சி மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே அவர்களுக்கு இடுகிறாள். குரல் மாயவனாகிறது, இளி பலராமனாகிறது, துத்தம் நப்பின்னையாகிறது. பண்டைத் தமிழிசையின் சுர உறவுகளை ஆராய்ந்தவர்கள் அதே நூலின் அரங்கேற்று காதையோடு இந்த இடைச்சேரி வட்டத்தையும் சான்றாகக் கொண்டனர். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் குழலுக்கு இருபது விரல் நீளமும் நாலரை விரல் சுற்றளவும் அளவு சொல்லி, மூங்கிலோடு சந்தனம், கருங்காலி, வெண்கலம் ஆகியவற்றாலும் அதைச் செய்யலாம் என்கிறார்.

இந்த இரண்டு ஓடைகளும், அதாவது தனியே வாசிக்கும் இடையனும் நுட்பமான இசை இலக்கணமும், கலந்த இடம் பெரியபுராணம். அதைப் பாடிய சேக்கிழார் தாம்பரத்துக்கு வடக்கேயுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்தவர். குழல் வாசித்த இடையரான ஆனாய நாயனாரைப் பற்றிச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சொன்னது பெயரும் ஊரும்தான். சேக்கிழார் அதை ஒரு முழு இசைக் காட்சியாக விரித்தார். மூங்கிலை அடியிலும் நுனியிலும் எவ்வளவு அரிய வேண்டும், துளைகளை எத்தனை விரல் இடைவெளியில் அமைக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறார். கார்காலத்தில் மாடு மேய்க்கப் போன ஆனாயர், சரம் சரமாகப் பூத்துத் தொங்கும் கொன்றையில் சிவனைக் கண்டு, முல்லைப் பண்ணில் ஐந்தெழுத்தை வாசிக்கிறார். எந்தச் சுரம் கிழமை கொள்கிறது, எந்தப் பாலையில் பண் நிற்கிறது என்பது வரை பாட்டில் உண்டு. பிறகு கேட்டவர்கள் வருகிறார்கள். பசுக்கள் அசைபோடுவதை மறக்கின்றன. வாயில் பால்நுரையோடு கன்றுகள் மடியை விட்டுவிடுகின்றன. பாம்பும் மயிலும் பகை மறந்து ஒன்றாக நிற்கின்றன. கண்ணன் குழலைப் பாடிய பெரியாழ்வாரிடமும் மேய்ச்சலை மறந்த மான்கள் உண்டு. ஆனால் ஆனாயர் தெய்வம் அல்லர், தொழில் தெரிந்த ஒரு மனிதர். அளவு தவறாமல் துளையிட்ட கைதான் அந்த அற்புதத்தைச் செய்கிறது என்று காட்டியதே சேக்கிழாரின் பெருமை.

முல்லைப் பண் இன்றைய மோகன ராகத்தை ஒத்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இந்த ஆராய்ச்சிக்குத் தளம் அமைத்தவை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917) விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் (1947). அதற்கு முன்பே முல்லையின் இலக்கிய அழகைத் தனிநூலாக ஆராய்ந்தவர் மறைமலையடிகள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். 1911இல் கல்லூரியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கல்லூரியும் 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது.

கச்சேரி மேடையில் குழல் தனித்து அமர்ந்தது காலம் கடந்துதான். கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக்கினார். டி. ஆர். மகாலிங்கம் என்கிற மாலி (1926–1986) ஊதும் முறையையும் விரல் பிடிப்பையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலுக்குள் கொண்டுவந்தார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்ததால், ஆண்டாள் ஆய்ச்சியாகத் தன்னைப் பாவித்துப் பாடிய பாட்டுகள் மார்கழிக் கச்சேரிகளில் நிலைபெற்றன.