தானிய நார்ச்சத்தும் கனிம உறிஞ்சலும்

தானியத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற கனிமங்களும் அங்கேதான் செறிந்திருக்கின்றன. ஆனால் தவிட்டோடு உண்ணும் கனிமம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. நார்ச்சத்துதான் அதைத் தடுக்கிறது என்று சொல்வது வழக்கம். நாருக்கும் இதில் ஓரளவு பங்குண்டு; பெரிய பங்கோ அதனுடன் தவிட்டில் தங்கியிருக்கும் பைட்டிக் அமிலத்துக்கு உரியது.

முளைவிடும் காலத்துக்கென விதை பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் இது. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் தொகுதிகள் உண்டு. குடலில் அவை இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பற்றிக்கொண்டு கரையாத உப்பாகி, மலத்தோடு வெளியேறுகின்றன. பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதி மனிதக் குடலில் மிகக் குறைவு. கொதிக்க வைத்தாலும் இந்த அமிலம் அவ்வளவாகச் சிதைவதில்லை.

பிரிட்டனில் மெக்கான்ஸ், விடோசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1942இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. வெள்ளை ரொட்டி உண்டவர்களை விடத் தவிட்டு ரொட்டி உண்டவர்கள் குறைவான கால்சியத்தையே உறிஞ்சினார்கள். பைட்டிக் அமிலத்தை நீக்கியதும் உறிஞ்சல் கூடியது. போர்க்கால பிரிட்டன் ரொட்டி மாவில் சுண்ணாம்புத் தூள் சேர்த்ததன் பின்னணி இதுவே.

பைட்டிக் அமிலம் கனிமங்களைத் தடுப்பதன் கொடுமையான முகம் ஈரானில் தெரிந்தது. ஷிராஸ் நகரில் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரிடம் வந்த இளைஞருக்கு வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. புளிக்காத முழுக்கோதுமை ரொட்டியே அவருடைய முக்கிய உணவு. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. இத்தகைய வளர்ச்சிக் குறைவுக்குத் துத்தநாகப் பற்றாக்குறை காரணமாகலாம் என்று பிரசாத் 1961இல் எழுதினார். பின்னர் எகிப்தில் அவர் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை தானியத்திலேயே உள்ள பைட்டேஸைத் தூண்டுகின்றன. ஊறிய கேழ்வரகை ஈரத்துணியில் கட்டி வைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்போது பைட்டிக் அமிலம் உடையத் தொடங்கியிருக்கும். இட்லி மாவு பொங்குவதிலும் இதே வேலை நடக்கிறது.

நார் பெருங்குடலை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் இன்யூலின் போன்ற கரையும் நார்களைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்க, சிறுகுடலில் தப்பிய கால்சியத்தில் ஒரு பகுதி அங்கே உறிஞ்சப்படுகிறது. இரும்புக்கு வைட்டமின் சி துணை செய்கிறது. கேழ்வரகுக் கூழோடு நெல்லிக்காய் கடித்துக்கொள்வது அவ்வகையில் பயன் தரும். துத்தநாகத்துக்கு இது உதவாது. அதற்கு முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் உதவும்.