போலிக் அமில மாத்திரை (மதுரை வட்டாரம்)

கருவுறுமுன்பும் கருக்காலத்திலும் உண்ணும் பி வைட்டமின் மாத்திரை. கருவின் மூளை, தண்டுவடமாக வளரும் நரம்புக்குழாய் கருவுற்றதிலிருந்து ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் மூடிவிடும். கருவுற்றதைப் பல பெண்கள் உணரும் முன்பே அது நடந்துவிடும். எனவே தினமும் 400 மைக்ரோகிராம் அளவில் முன்கூட்டியே தொடங்குவதுதான் முறை. கருவுற்ற பின்பே தொடங்குவது பெருங்குறை.

நான்காம் மாதம் முதல் 180 நாள், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செவிலியரே அட்டையாகத் தருகிறார். மலம் கறுக்கும், பயம் வேண்டாம். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது வீண் அச்சம். தேநீரோடு விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு உதவும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் உண்ண வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சையும் உண்டு.